தோட்டத்து ஆங்கிலச் சொற்கள்: பெயரும் அடையும்

ஆங்கிலப் பாடம் படிக்கும் மாணவர்களை அடிக்கடி திணற வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ‘இது பெயர்ச்சொல்லா, பெயரடையா?’ என்று ஆசிரியர் கேட்பார். ‘கோல்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது அது ஒரு நோயின் பெயர். ‘கோல்டு வாட்டர்’ என்னும்போது அதுவே தண்ணீரின் தன்மையைச் சொல்லும் அடை. எழுத்தில் மாற்றமில்லை, ஒலியில் மாற்றமில்லை, வேலை மட்டும் மாறிவிட்டது. அப்படியானால் கரும்பலகையில் தனித்து நிற்கும் அந்தச் சொல் எந்த இனத்தைச் சேர்ந்தது?

‘வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்’ என்பதே சரியான விடை. இந்த விடையை நம் தோட்டப்புற மக்கள் எந்த இலக்கண நூலையும் புரட்டாமல் அறிந்திருந்தார்கள் என்பதையும், அவர்கள் வாயில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும் இன்றைய உரையில் காண்போம். ஜோகூர் மாநிலத்தின் உலு திராம் வட்டாரத்தை மையமாக வைத்துப் பேசுவது இதற்கு மிகவும் பொருத்தமாக இருக்கும்.

ஆங்கிலம் வந்த வழி

முதலில் ஆங்கிலத்தின் பழைய நிலையைப் பார்ப்போம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் சொற்களுக்கு விகுதிகள் நிறைய இருந்தன. பெயருக்கு ஒரு வகை விகுதி, அதைச் சிறப்பிக்கும் அடைக்கு வேறு வகை விகுதி. பொன் என்னும் பொருளைக் குறிக்க ‘கோல்டு’ என்ற பெயர் இருந்தது. பொன்னால் ஆனது என்று சொல்ல வேண்டுமானால் அதற்கென்று விகுதி சேர்த்த வேறு சொல்லைச் சொல்ல வேண்டும். இன்றைய ‘கோல்டன்’, ‘வுடன்’, ‘வுல்லன்’ போன்ற சொற்கள் அந்தப் பழைய முறையின் மிச்சங்களே.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதை ஒட்டிய சில நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் விகுதிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து போயின. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் பெயரடைகளின் கடைசி விகுதியும் பேச்சில் மறைந்துவிட்டது. விகுதி போனபின் பெயரையும் அடையையும் பிரித்துக்காட்ட உருவ வேறுபாடு இல்லாமல் போயிற்று. அந்த வேலையைச் சொல் நிற்கும் இடம் ஏற்றுக்கொண்டது. இன்னொரு பெயருக்கு முன்னால் வந்து நின்றால் அது அடை. தானே எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ நின்றால் அது பெயர். உருவம் மாறாமல் வேலை மட்டும் மாறும் இந்த முறைக்கு ஆங்கில இலக்கண அறிஞர் ஹென்றி ஸ்வீட், 1891ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த தம் நூலில், ‘மாற்றம்’ என்று பொருள்படும் ஒரு பெயரைக் கொடுத்தார்.

இங்கே வியப்பான ஒரு செய்தி உண்டு. பெயரடை என்று தனியாக ஒரு சொல்வகை ஐரோப்பிய இலக்கணத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. கிரேக்கரும் ரோமரும் அடையைப் பெயரின் ஒரு பிரிவாகவே எண்ணினர். 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணைப்படி இங்கிலாந்துப் பள்ளிகளில் வழங்கியது, வில்லியம் லிலியின் பெயரால் அறியப்பட்ட லத்தீன் இலக்கணம். அதிலும் ‘பொருட்பெயர்’, ‘அடைப்பெயர்’ என்று பெயரையே இரண்டாகப் பிரித்தார்களே தவிர, அடையைப் பெயருக்கு வெளியே நிறுத்தவில்லை. 1762இல் ராபர்ட் லவுத் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் பெயரும் பெயரடையும் தனித்தனிச் சொல்வகைகளாக நிற்கக் காண்கிறோம். நம் பிள்ளைகள் இன்று மனப்பாடம் செய்யும் பாகுபாடு, மொழியின் வயதோடு ஒப்பிட்டால் இளமையானது.

தமிழ் வகுத்த வழி

நம் தமிழ் இலக்கணம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தார். அவற்றுள்ளும் பெயரும் வினையுமே தலைமையானவை என்றும், மற்றவை அவற்றைச் சார்ந்து வருபவை என்றும் கொண்டார். பெயரடை என்று ஐந்தாவது வகை எதையும் அவர் வைக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. தமிழில் ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு முன்னால் வந்து நின்றாலே அடையின் வேலையைச் செய்துவிடுகிறது. பொன் வளையல், மண்பானை, கல்தூண் ஆகியவற்றில் முன்னால் நிற்பவை எல்லாம் பெயர்களே. இவற்றைத் தொகை என்று நம் இலக்கணம் வகைப்படுத்துகிறது.

1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர் இதை நன்கு கவனித்தார். திராவிட மொழிகளில் பெயரடை எனப்படுபவை பண்பையோ உறவையோ உணர்த்தும் பெயர்களே என்றும், அவை வேறொரு பெயருக்கு முன்னால் நிற்பதால் மட்டுமே அடையின் பொருளைப் பெறுகின்றன என்றும் அவர் விளக்கினார். விகுதிகளை இழந்து ஆங்கிலம் எந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததோ, அந்த இடத்தில் தமிழ் நெடுங்காலமாகவே நின்றுகொண்டிருந்தது எனலாம்.

ஆங்கிலேயத் துரையின் சொற்களும் தமிழ்த் தொழிலாளியின் காதும் ரப்பர் தோட்டத்தில் சந்தித்தபோது, இந்த ஒற்றுமைதான் அவர்களுக்குப் பாலமாக அமைந்தது.

உலு திராம் என்னும் பெயர்

ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உலு திராம் இருக்கிறது. ‘உலு’ என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும். ‘திராம்’ என்றால் சிப்பி. திராம் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஊர் என்பதால் இந்தப் பெயர் வந்தது. இரண்டும் பெயர்ச்சொற்கள். ஆனால் மலாய் மொழியில் சிறப்பிக்கப்படும் சொல் முன்னாலும், சிறப்பிக்கும் சொல் பின்னாலும் வருகின்றன.

இதே ஊரின் தோட்டத்தை மூன்று மொழிகளில் சொல்லிப் பாருங்கள். மலாயில் ‘லாடாங் உலு திராம்’. ஆங்கிலத்தில் ‘உலு திராம் எஸ்டேட்’. தமிழில் ‘உலு திராம் தோட்டம்’. மலாயில் தோட்டம் என்னும் சொல் முதலில் வருகிறது; ஆங்கிலத்திலும் தமிழிலும் அது கடைசியில் வருகிறது. ரப்பர் தோட்டத்தை மலாயில் ‘லாடாங் கெத்தா’ என்பார்கள். ஆங்கிலத்தில் ‘ரப்பர் எஸ்டேட்’. தமிழில் ‘ரப்பர் தோட்டம்’. ஆங்கிலத் தொடரின் வரிசையும் தமிழ்த் தொடரின் வரிசையும் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கின்றன. அதனால்தான் ஆங்கிலச் சொற்கள் தமிழ்த் தொடருக்குள் வந்து அமரும்போது இடம் மாற்றிப் போட வேண்டிய தொல்லை இருக்கவில்லை.

ரப்பர் என்ற ஒரு சொல்

‘ரப்பர்’ என்ற சொல்லின் பயணத்தையே பாருங்கள். தேய்த்தல் என்று பொருள்படும் ஆங்கில வினையிலிருந்து அது பிறந்தது. ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைத்த பொருள், தாளில் பென்சிலால் எழுதியதைத் தேய்த்து அழிக்க நன்றாகப் பயன்படுகிறது என்பதை 1770இல் ஆங்கில அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி குறிப்பிட்டார். தேய்ப்பது எதுவோ அது ‘ரப்பர்’. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்தப் பொருளுக்கு ஐரோப்பியர் ‘இந்தியா ரப்பர்’ என்று பெயர் சூட்டினர். அமெரிக்க நிலப்பரப்பையும் இந்தியா என்றே அழைத்த பழைய வழக்கத்தால், ஒரு நாட்டின் பெயர் இங்கே அடையாக நின்றது.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். மலாயாவின் காடுகள் ரப்பர்க் காடுகளாயின. வினையாகப் பிறந்து, கருவியின் பெயராகி, பொருளின் பெயராகிய அந்தச் சொல், இப்போது மரத்துக்கும் தோட்டத்துக்கும் காட்டுக்கும் செருப்புக்கும் அடையாயிற்று. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால், நம் நாட்டுப் பாடநூல்களும் ஏடுகளும் முன்னால் ஓர் இகரம் சேர்த்து ‘இரப்பர்’ என்றும் எழுதின.

தொழிலாளர்கள் தமிழிலும் அதற்கொரு பெயர் வைத்தார்கள். அதுதான் ‘பால்மரம்’. பால் ஒரு பெயர். மரம் ஒரு பெயர். அகிலன் மலேசியத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலின் பெயர் ‘பால்மரக் காட்டினிலே’ என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பால், மரம், காடு என மூன்று பெயர்கள் வரிசையாக நின்று, முன்னது பின்னதற்கு அடையாகிறது. துரையின் அலுவலகக் கோப்பில் ‘ரப்பர் எஸ்டேட் லேபர் லைன்ஸ்’ என்று நான்கு பெயர்கள் அடுக்கி நின்றதும் இதே முறைதான்.

காதால் கற்ற சொற்கள்

இந்தச் சொற்களைத் தொழிலாளர்கள் எங்கே கற்றார்கள்? பள்ளியில் அல்ல. 1907ஆம் ஆண்டில் இந்தியக் குடிநுழைவுக் குழு அமைக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறையே பெருவழக்காயிற்று. 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் வந்துகொண்டிருந்தனர். அவர்களில் மிகப் பலர் ஆங்கில எழுத்தையே பார்த்திராதவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பள்ளி தமிழில் தொடக்கக் கல்வியை மட்டுமே தந்தது. ஆங்கிலப் பள்ளிகள் நகரத்தில் இருந்தன. ஆகவே ஆங்கிலச் சொற்கள் அவர்களுக்குப் புத்தகம் வழியாக வரவில்லை. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்திலும், பால் நிறுக்கும் இடத்திலும், மருந்து வாங்கும் இடத்திலும் காதால் வந்தன.

காதால் வந்த சொல்லுக்கு அவர்கள் தமிழ் இலக்கணத்தையே பூட்டினார்கள். இதுதான் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளை ஆங்கிலத்தில் ‘லைன்ஸ்’ என்றார்கள். அது தமிழில் ‘லயன்’ என்றும் ‘லயம்’ என்றும் ஆயிற்று. நலன் – நலம், நிலன் – நிலம் என்று னகரமும் மகரமும் ஒன்றுக்கொன்று இடம் கொடுப்பது தமிழுக்குப் பழக்கமானதுதான். இசையில் வரும் லயம் வேறு. இந்த லயம் வேறு. மகர ஈறு வந்துவிட்டதால் என்ன நடந்தது? மரம் ‘மரத்து’ ஆவதுபோல, குளம் ‘குளத்து’ ஆவதுபோல, லயமும் ‘லயத்து’ ஆயிற்று. லயத்து வீடு, லயத்து வாசல், லயத்துப் பிள்ளைகள் என்று வந்தவை எல்லாம் அத்துச் சாரியை பெற்ற தொடர்கள். கோடு என்று பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயர், தமிழ்ச் சாரியை பெற்று முழுமையான அடையாகிவிட்டது.

‘ரோடு’ என்ற சொல்லும் அப்படித்தான். வீடு, காடு, ஆறு போன்ற நெடில்தொடர்க் குற்றியலுகரச் சொற்கள் வேறொரு பெயருக்கு முன் வரும்போது ஒற்று இரட்டி வீட்டு, காட்டு, ஆற்று என்றாகும் என்பது நன்னூல் கூறும் விதி. தமிழர் வாயில் ரோடு ‘ரோட்டு’ ஆயிற்று. ரோட்டு ஓரம், ரோட்டுக் கடை, ரோட்டு வேலை. நன்னூலைப் படித்திராதவர் நாவிலும் நன்னூல் விதி தவறாமல் நடந்தது. மொழி அறிவு என்பது நூலறிவு மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்குப் ‘பெரட்டு’ என்று பெயர். அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேடு’ என்ற ஆங்கிலச் சொல்லே இப்படி ஆயிற்று. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களிலும் இச்சொல் வழங்குகிறது. அங்கே ஆள் கூடும் இடத்தைப் பெரட்டுக் களம் என்பர். பாட்டுக் கச்சேரியில் ககர ஒற்று மிகுவதுபோலவே இங்கும் மிகுகிறது. தொழிலாளர் பெயர்ப் பதிவேடு ‘செக்ரோல்’. பால் நிறுத்துச் சேர்க்கும் இடம் ‘ஸ்டோர்’. காயத்துக்குக் கட்டுப்போடுபவரைக் குறித்த ‘டிரசர்’ என்ற சொல், தோட்டத்து மருத்துவ உதவியாளரின் பதவிப் பெயராயிற்று. ஆங்கிலத்தில் சேர்த்து வைத்தல் என்னும் வினையாகவும் வரும் ஸ்டோர், தமிழில் ஓர் இடத்தின் பெயராக மட்டுமே வந்தது. கடன் வாங்கும் மொழி தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

ஆங்கிலப் பெயரடைகள் வந்தபோது இன்னும் சுவையான மாற்றம் நேர்ந்தது. ‘சீக்கு’ என்று நாம் வழங்கும் சொல், நோயுற்ற என்று பொருள்படும் ‘சிக்’ என்னும் ஆங்கிலப் பெயரடையிலிருந்து வந்தது எனக் கொள்வர். ஆங்கிலத்தில் நோயாளியைச் சிறப்பித்த சொல் தமிழில் நோயின் பெயராகவே ஆயிற்று. பிறகு நோயாளி, தொழிலாளி என்பவற்றைப் போலச் ‘சீக்காளி’ என்ற சொல்லும் பிறந்தது. ‘ஸ்ட்ராங்’, ‘டைட்’, ‘பிஸி’ போன்ற பெயரடைகளைப் பாருங்கள். அவற்றை நாம் ஸ்ட்ராங்கான, டைட்டான, பிஸியான என்றுதான் சொல்கிறோம். அழகு என்னும் பெயரோடு ‘ஆன’ சேர்த்து அழகான என்பது போன்றதே இது. ஆங்கிலத்தில் பெயரடையாக இருந்ததைத் தமிழ் முதலில் பெயராக ஏற்றுக்கொண்டு, பின்னர்த் தன் முறைப்படி மறுபடியும் அடையாக்குகிறது. ஆங்கிலச் சொல் தமிழ் வாசலில் தன் இனத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறது.

மாணவர்களுக்குப் பயன்

இந்த அறிவு இன்றைய மாணவர்களுக்கு நேரடியாக உதவும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் ஒன்று, அடையாக நிற்கும் பெயருக்குப் பன்மை விகுதி சேர்ப்பது. செருப்புக் கடையில் பல செருப்புகள் இருக்கின்றன என்பதற்காக ‘ஷூஸ் ஷாப்’ என்று எழுதுகிறார்கள். சரியான வழக்கு ‘ஷூ ஷாப்’. தமிழில் நாம் செருப்புகள் கடை என்றா சொல்கிறோம்? செருப்புக் கடை என்றுதானே சொல்கிறோம்! பழக்கடை, பூக்கடை, புத்தகக் கடை எல்லாம் அப்படியே. தாய்மொழியில் இயல்பாகச் செய்வதை ஆங்கிலத்திலும் செய்தால் போதும். ‘ஸ்போர்ட்ஸ் ஷூ’ போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றைப் பழக்கத்தில் அறிந்துகொள்ளலாம்.

இன்னொரு சான்று நம் நகரத்துக் கடைவீதியிலேயே இருக்கிறது. கடைகளுக்கு முன்னால் கூரையோடு தொடர்ந்து செல்லும் நடைபாதையை நம்மவர் ‘அஞ்சடி’ என்பார்கள். 1822இல் சிங்கப்பூர் நகரை வகுக்க ராஃபிள்ஸ் தந்த அறிவுரைகளில், கடைவீடுகளின் முன்புறம் தொடர்ச்சியாக ஒரு மூடிய நடைவழி இருக்க வேண்டும் என்று கூறினார். அந்த வழக்கம் மலாயா நகரங்களுக்கும் பரவியது. ஐந்தடி அகலம் என்பதால் ஆங்கிலத்தில் ‘பைவ் ஃபுட் வே’ என்றார்கள். அடிகள் ஐந்து என்றாலும் இங்கே ‘ஃபீட்’ என்ற பன்மை வராது. அடையாக நிற்பதால் ‘ஃபுட்’ என்ற ஒருமையே வரும். ஆறு வயதுக் குழந்தை, பத்து மைல் பயணம் என்னும்போதும் ஆங்கிலத்தில் இதே முறைதான். தமிழிலும் நாம் ஐந்தடிகள் பாதை என்று சொல்வதில்லை. மலாய்க்காரர் அதையே ‘காக்கி லீமா’ என்று தம் வரிசையில் மாற்றிச் சொன்னார்கள். தமிழர் பாதை என்னும் சொல்லையே விட்டுவிட்டு, அடையாக இருந்த அஞ்சடியைப் பெயராக்கிக்கொண்டார்கள்.

பெயரா, உண்மையான பெயரடையா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முன்னால் ‘மிக’ என்று சேர்த்துப் பாருங்கள். மிகக் குளிர்ந்த நீர் என்னலாம். மிக ரப்பர் தோட்டம் என்ன முடியாது. ஆங்கிலத்தில் ‘வெரி’ என்ற சொல்லைச் சேர்த்தாலும் இதே விடை கிடைக்கும். குளிர்ந்த என்பது பண்பு. ரப்பர் என்பது அடையாக உட்கார்ந்திருக்கும் பெயர். ஆனால் காலப்போக்கில் சில பெயர்கள் இந்தச் சோதனையிலும் தேறிவிடும். வேடிக்கை என்று பொருள்படும் ‘ஃபன்’ என்ற ஆங்கிலப் பெயர், 20ஆம் நூற்றாண்டில் முழுப் பெயரடையாக வழங்கத் தொடங்கியது இப்படித்தான்.

மனிதனுக்கு இடப்பட்ட அடை

நேயர்களே! சொல் இடம் மாறுவது இலக்கணத்துக்குள் மட்டும் நிற்கும் செய்தி அல்ல. சில வேளைகளில் அது மனிதனையே தொடுகிறது.

கூலி என்பது தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அது ஒரு கண்ணியமான சொல். ஆங்கிலத்தில் வழங்கிய ‘கூலி’ என்ற சொல் இதிலிருந்து போனது என்று சிலரும், குஜராத்துப் பகுதியின் கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்தது என்று வேறு சிலரும் கூறுவர். எவ்வாறாயினும் ஆங்கில ஆட்சியில் அது உழைக்கும் மனிதனின் பெயராயிற்று. பிறகு அவன் வீட்டுக்கும் கப்பலுக்கும் அடையாயிற்று: கூலி லைன், கூலிக் கப்பல். ஊதியத்தைக் குறித்த நம் சொல்லோடு ஒத்த ஒலியிலேயே ஆளையும் அழைத்தார்கள். கடைசியில் அந்தச் சொல் அவன் பிள்ளைகள் காது கூசும் வசையாயிற்று.

‘உலு’ என்ற சொல்லுக்கும் ஏறத்தாழ இதே கதி. மலாயில் ஆற்றின் மேற்பகுதி என்னும் பெயர். மலேசிய, சிங்கப்பூர் ஆங்கிலப் பேச்சில் அது பெயரடையாகி, நாகரிகத்துக்கு எட்டாத ஒதுக்குப்புறமான என்ற பொருளைப் பெற்றுவிட்டது. ‘வெரி’ சேர்த்தும் சொல்கிறார்கள். நம் சோதனைப்படி அது முழுப் பெயரடையாகவே ஆகிவிட்டது. ஊரின் பெயரில் நிலவியல் செய்தியாக இருந்த சொல், பேச்சில் ஏளனமாயிற்று.

இன்னொரு சொல் ‘பெர்மிட்’. ஆங்கிலத்தில் பின்னசையை அழுத்திச் சொன்னால் அனுமதித்தல் என்னும் வினை. முன்னசையை அழுத்திச் சொன்னால் அனுமதிச் சீட்டு என்னும் பெயர். 1968ஆம் ஆண்டில் நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 1969இல் அது நடைமுறைக்கு வந்தபோது, பல்லாண்டுகள் மலாயாவில் உழைத்தும் குடியுரிமை பெறாதிருந்த தோட்டத் தமிழர் பலர் வேலையிழந்தனர்; பலர் தமிழகத்துக்குத் திரும்பினர். ஒரு காகிதத்தின் பெயர் ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது. அடையாள அட்டையின் நிறமும் அப்படித்தான். நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் நிரந்தரவாசி. அட்டைக்கு அடையாக வந்த நிறப்பெயர், பேச்சில் ஆளுக்கே அடையாயிற்று.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரு சொல்லின் மதிப்பு அது வைக்கப்படும் இடத்தைப் பொறுத்தது. வைப்பவரின் மனத்தையும் பொறுத்தது. ‘எஸ்டேட்’ என்ற சொல்லை ஒருவர் ஏளன அடையாக்கிப் பேசினால், குறை அந்தச் சொல்லிலும் இல்லை, அதற்கு உரிய பிள்ளையிடமும் இல்லை.

மறையும் சொற்கள்

காலம் மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தெப்ராவ் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டமாகப் பேர்பெற்ற மவுண்ட் ஆஸ்டின், இன்று ‘தாமான் மவுண்ட் ஆஸ்டின்’ என்னும் குடியிருப்புப் பகுதியாக அறியப்படுகிறது. ஆங்கிலப் பெயர் அப்படியே நிற்க, அதற்கு முன்னால் மலாய்ச் சொல் வந்து அமர்ந்திருக்கிறது. ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதிலேயே இரண்டு காலங்கள் தெரியும்.

தோட்டம் போனால் தோட்டச் சொற்களும் போகும். பெரட்டு, லயம், செக்ரோல், டிரசர் என்னும் சொற்களைப் பேரப்பிள்ளைகள் பலர் அறியமாட்டார்கள். இவற்றைக் கொச்சை என்று ஒதுக்கும் மனப்பான்மையும் நம்மிடையே உண்டு. எழுதும்போது நல்ல தமிழில் எழுத வேண்டும் என்பதில் ஐயமில்லை. தமிழில் சொல் இருக்கும்போது பிறமொழிச் சொல்லைத் தேடிப் போவதும் தேவையில்லை. ஆனால் எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு தலைமுறை, அயல்மொழிச் சொல்லைக் காதால் கேட்டு, சாரியை சேர்த்து, ஒற்று இரட்டித்து, தமிழ் முறைக்குள் கொண்டுவந்ததே, அந்த ஆற்றல் அறியாமையாகாது. தங்களை அறியாமலேயே அவர்கள் இலக்கணம் காத்தார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் சொல்லும் பழைய சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது எந்த மொழியிலிருந்து வந்தது, அங்கே பெயரா அடையா, நம் பேச்சில் பெயரா அடையா என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். சொல் தனியாக நிற்காமல், அவர்கள் சொன்ன வாக்கியத்தோடு எழுதுங்கள். நீங்கள் ‘நோட்டுப் புத்தகம்’ என்று எழுதும் அந்தத் தொடரிலும் ஓர் ஆங்கிலப் பெயர் பகர ஒற்றுப் பெற்று அடையாக நிற்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலின் முதல் சொல்லாக அதையே எழுதலாம்.